ஒரு நிழல் பாக்கி

மூத்தவளுக்கு முன்னால் அவளுடைய வலது மணிக்கட்டு எழுந்துவிடும். குளிர் மாதங்களில் விடிவதற்கு முன்பே விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். அடுத்தது இடுப்பு, அதற்கடுத்தது இடது முழங்கால். வரிசை மாறாது. செங்கல் சூளையில் பாதி ஆயுசைக் குத்தவைத்தே கழித்த உடம்பு. அச்சுக்குள் மண்ணை அடித்து அடித்து மணிக்கட்டில் இருந்ததெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அதைத் தடவிக்கொண்டே படுத்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் இளையவள் இருமுவாள். பிறகு சுவரைத் தட்டுவாள். இவள் திருப்பித் தட்டுவாள். ரெண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு அதுதான் தாக்கல்.

அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் அவர்கள். அண்ணன் போய்ச் சேர்ந்த மறு வருஷம் தம்பியும் போய்விட்டான். அதற்குப் பிறகு வரிசை வீட்டில் ஒட்டினாற்போல் ஆளுக்கு ஓர் அறை பிடித்துக்கொண்டார்கள். நடுச்சுவர் ஒற்றைக் கல் சுவர். குடிவந்த அன்றைக்கே மூத்தவள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லும் அரைவேக்காடு, கட்டுனவனும் அரைவேக்காடு" என்றாள். அரைவேக்காடாக இருந்ததால்தான் தட்டுவது நன்றாகக் கேட்டது.

நாளைக்கு அந்தச் சுவர் பேசாது. இளையவளின் மகன் வேன் கொண்டுவருகிறான். தூரத்து ஊரில் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுகிறவன். இரண்டு அறையும் சமையல் கட்டுமாக வீடு பிடித்திருக்கிறான். தாயை அழைத்துக்கொண்டு போகிறான். நியாயம்தான். யாரும் குறை சொல்ல முடியாது. அதுதான் மூத்தவளுக்கு ஆத்திரம். யாராவது ஏதாவது தப்புச் செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டியாவது தீர்த்திருப்பாள்.

இளையவள் டீ டம்ளரோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி உன் பாக்கிய அடைச்சிரணும்."

"எந்தப் பாக்கி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரிக் கேக்காத. நாப்பது வருஷமா வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் என்னைக் கடன்காரின்னு சொல்லிக் காட்டுறியே, அந்தப் பாக்கி."

"இத்தனை நாளா இல்லாத ரோசம் இப்ப என்னடி?"

"இத்தனை நாளு பக்கத்துல இருந்தேன். திட்டுனா காதுல விழும், திருப்பித் திட்டலாம். இனிமே நீ திட்டுறது எனக்குக் கேக்காதுல்ல? மதியத்துக்கு மேல சூளைக்குப் போவோம். உன் நிழல வாங்கிக்க."

அவர்கள் வேலை பார்த்த சூளையில், மண்ணை அச்சில் அடித்துக் கல் அறுக்கிற களத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. மரம் இருந்தால் பச்சைக் கல் காயாது என்று முதலாளி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தார். கல்லுக்கு வெயில் வேண்டும், அறுக்கிறவளுக்கு நிழல் வேண்டும். முதலாளி கல் கட்சி. அந்தப் பொட்டலில் இருந்த ஒரே நிழல் சூளைப் புகைக்கூண்டின் நிழல்தான். காலையில் அது மேற்கே லாரிகள் நிற்கிற பக்கம் நீட்டிப் படுத்திருக்கும். உச்சியில் கூண்டின் காலடியில் சுருண்டு கிடக்கும். வெயில் மாதங்களில் மதியத்துக்கு மேல் களத்துப் பக்கம் எழுந்து வரும். முதலில் மூத்தவள் அறுக்கிற இடம், பிறகு இளையவள் இடம், அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டி. நிழல் தொட்டியில் ஏறினால் அச்சைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம்.

மேஸ்திரியிடம் கைக்கடிகாரம் இருந்தது. அது அவர் வசதிப்படி ஓடும். சம்பள நாளன்று கொஞ்சம் மெதுவாக ஓடும். "மணி இன்னும் ஆகல" என்பார். "கூண்டு வேற மாதிரிச் சொல்லுதே" என்பார்கள். கூண்டோடு சண்டை போட அவரால் முடியாது.

ஓர் ஆளின் மேல் அந்த நிழல் கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஒரு வரிசைக் கல் அறுத்து முடிப்பதற்குள் கடந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காலையிலிருந்து காத்திருப்பார்கள். தலைத்துணியை அவிழ்த்து உதறிக்கொள்வார்கள். முதுகில் யாரோ ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். அதற்கு "முறை" என்று பேர். முறை அந்த இடத்துக்காரருக்குச் சொந்தம். கடன் கொடுக்கலாம், வாங்கலாம், திருப்பவும் வேண்டும். கொடுக்கிறவள் அச்சைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய் வெயிலில் உட்காருவாள், வாங்குகிறவள் நிழலில் வந்து உட்காருவாள். பல்வலிக்கு ஒரு முறை கொடுத்து, காய்ச்சலுக்கு ஒரு முறை திருப்பி வாங்கிய கதையெல்லாம் அந்தக் களத்தில் உண்டு.

இளையவள் வயிற்றில் மகன் இருந்த வெயில் காலத்தில், மூத்தவள் தன் முறையைத் தினமும் அவளுக்குக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் நிழல் தன் மேல் ஏறியதும் எழுந்துபோய், "உங்க ஊர்ல மயக்கம் போட்டு விழுறதுக்கு முன்னாடி யாரும் சொல்ல மாட்டீங்களாடி? எந்திரிச்சு அங்க போய் உக்காரு" என்றாள். அவ்வளவுதான். மூத்தவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் இளையவள் திருப்பித் தர ஆரம்பித்தாள். பிள்ளை தொட்டியோரம் சாக்கில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருக்கும். மூத்தவள் தன் முறை முடிந்ததும் இளையவள் இடத்துக்கு நகர்ந்து, அங்கேயும் நிழலோடு உட்காருவாள். இளையவள் விடாமல் எண்ணினாள். கொடுக்கிற ஒவ்வொரு முறைக்கும் ஈரக் கல்லில் நகத்தால் ஒரு கீறல். கடைசியில் ஒரே ஒரு முறைதான் மிச்சம்.

அந்தக் கடைசி முறை வந்த அன்றைக்குத்தான் கிரகணம் பிடித்தது.

வானொலியில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் சூளையில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. நிழல் இளையவள் இடத்துக்கு வந்தது, மூத்தவள் அச்சைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நாலு கல் அறுத்திருப்பாள். வெயில் ஒரு மாதிரி வெளிற ஆரம்பித்தது. மேகம் இல்லை, ஆனாலும் விளக்குத் திரியை யாரோ மெதுவாக இறக்குகிற மாதிரி இருந்தது. மணல் சலிக்கிற சல்லடையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் ஓட்டை வழியாகத் தரையில் விழுந்த வெளிச்சமெல்லாம் நகம் வெட்டிப் போட்ட துண்டு துண்டாகக் கிடந்தது. கல் சுமக்கிற கழுதைகள் நடப்பதை நிறுத்திவிட்டன. கழுதைக்காரன் அவற்றைத் திட்டவில்லை, அவனும் நின்றுவிட்டான். தள்ளுவண்டிக்கு வெல்டிங் வைக்கிறவனிடம் இருந்த கறுப்புக் கண்ணாடியை வாங்கி ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பிறகு கண்ணாடி தேவைப்படவில்லை. மொத்தமாக மூடிக்கொண்டது. கூண்டு நிழல் இருந்த இடம் தெரியவில்லை. களம் முழுக்க ஒரே நிழல். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை மட்டும் சாக்கில் கிடந்து கெக்கெக்கென்று சிரித்தது.

வெளிச்சம் ஒரு ஓரத்தில் வெடித்துத் திரும்பியபோது முதலில் பேசியது மேஸ்திரிதான். "சும்மா நின்ன நேரத்தச் சாயங்காலம் சேத்து அறுத்துருங்க."

"அந்த நேரத்த நாங்க எடுக்கல. மேல போய் அவருகிட்ட வாங்கிக்கங்க" என்றான் கழுதைக்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியதும் இளையவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "அக்கா, கணக்கு முடிஞ்சிச்சு. இதுதான் கடைசி."

"எது கடைசி?"

"இப்ப உக்காந்து எந்திரிச்சியே, அது."

மூத்தவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் விழுந்த நிழல நீ எனக்குக் குடுத்ததாக் கணக்குச் சொல்றியா? மேஸ்திரி மேலயும் விழுந்துச்சு. கழுதை மேலயும் விழுந்துச்சு. அதுங்ககிட்டயும் போய் வசூல் பண்ணு."

"ஆரம்பத்துல கூண்டு நிழல்தானக்கா இருந்துச்சு!"

"பாதி முறை முறையாகாது. நாளைக்கு ஒழுங்காக் குடு."

மறுநாள் கொடுக்க முடியவில்லை. அன்றைக்கே மழை இறங்கியது, சூளை அந்த வருஷத்துக்கு மூடியது. அடுத்த பருவத்தில் முதலாளி என்ன நினைத்தாரோ, களத்துக்குத் தகரக் கூரை போட்டுவிட்டார். அதற்குப் பிறகு முறையும் இல்லை, நிழலுக்கு மதிப்பும் இல்லை. அந்த ஒரு முறை மட்டும் பாக்கியாக நின்றுபோனது. கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், தண்ணீர்க் குழாயடியில் மூத்தவள் அதை எடுத்து வீசுவாள். "அவ பேச்ச நம்பாதீங்க, எனக்கே பாக்கி வச்சிருக்கா." மகனுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவனுக்கும் தெரியும். சின்னவனாக இருந்தபோது குடையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பெரிம்மா, இதுல அடச்சிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறான்.

இப்போது சூளை நின்று பல வருஷம் ஆகிவிட்டது. தகரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூண்டு மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது தெரியும்.

"என்னக்கா யோசிக்கிற? போவோமா?" என்றாள் இளையவள்.

மூத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கு ஜன்னலின் கம்பி நிழல் அலமாரிக் கதவில் விழுந்திருந்தது. வெயில் மாதங்களில் அது தண்ணீர்க் குடத்தின் மேல் விழும். குடத்துக்கும் அலமாரிக்கும் நடுவே நாலு எட்டு தூரம் இருக்கிறது, அதை நடந்து தீர்க்க அந்த வெளிச்சத்துக்கு அரை வருஷம் ஆகும். இப்போது அலமாரிப் பக்கத்துக் கடைசியில் நின்றது. அப்படியென்றால் சூரியன் தெற்குக் கோடியில் எழுகிறது, தெற்குக் கோடியில்தான் விழும். கூண்டு நிழல் எதிர்ப்பக்கம் வடக்கே ஒதுங்கிக்கொள்ளும். கழுதைக்காரன் கழுதை கட்டுகிற இடத்தில் ஏறி அதோடு நின்றுவிடும். அவர்கள் இரண்டு பேர் இடத்துக்கும் வரவே வராது. "குளிர்ல நடுங்குறப்ப எனக்கு நிழலு, வெயில்ல வேகுறப்ப உங்களுக்கா?" என்று கழுதைக்காரன் வருஷா வருஷம் புலம்புவான்.

மூத்தவளுக்கு அது அந்த நொடியே தெரிந்துவிட்டது. இளையவள் மறந்துவிட்டாள். மூட்டை கட்டுகிற மும்முரத்தில் இருக்கிறவளுக்குச் சூரியன் எங்கே விழுந்தால் என்ன.

சொல்லிவிடலாம். சொன்னால், "சரி விடுக்கா, அதுவும் ஒரு விளையாட்டுதான்" என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஒரு மதியம் கூட இருப்பாள். அதைவிட, பாக்கி பாக்கியாகவே இருக்கும். மகன் வீட்டுக்குப் போய் உட்காருகிறவள் திரும்பி வர ஒரு சாக்கு வேண்டாமா?

"போவோம்" என்றாள் மூத்தவள்.

சூளை வாசலில் கேட் போட்டிருந்தார்கள். உள்ளே யாரோ பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். காவல்காரன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"யாரும்மா? உள்ள எல்லாம் விட முடியாது."

"இங்க வேலை பாத்தவங்கப்பா" என்றாள் இளையவள்.

"பாக்கி சம்பளம் கேட்டு வந்தீங்களா? அந்த முதலாளி போய்ப் பல வருஷம் ஆச்சு."

"பாக்கிதான். ஆனா நான் தர வேண்டியது. இவங்களுக்கு."

"அத வீட்டுலயே வச்சுக் குடுக்கக் கூடாதா?"

"அது இங்கதான் இருக்கு" என்று இளையவள் கூண்டை அண்ணாந்து காட்டினாள். காவல்காரன் கூண்டைப் பார்த்தான், இரண்டு பேரையும் பார்த்தான், பிறகு கேட்டைத் திறந்துவிட்டான். இந்த வயதில் இதுங்க எதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடப் போகின்றன என்று நினைத்திருப்பான்.

களம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அதிலிருந்து அளந்து இரண்டு பேரும் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த மண் இன்னும் இறுகிக் கிடந்தது. புல்கூட அங்கே தயங்கித்தான் முளைத்திருந்தது. இளையவள் ஒரு உடைந்த கல்லைத் தூக்கி வந்து தன் இடத்தில் போட்டு, முந்தானையால் தட்டினாள்.

"உக்காரு. இது என் இடம். என் முறை. வர்றப்ப நீ வாங்கிக்க."

மூத்தவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிழல் அப்போது கூண்டிலிருந்து வடக்கே சாய்ந்து கிடந்தது. இளையவள் எதிரே மண்ணில் அமர்ந்தாள். காத்திருந்தார்கள்.

பேச்சு தானாக வந்தது. கழுதைக்காரன் தன் கழுதைக்கு மேஸ்திரி பேரை வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே அதைத் திட்டியதைச் சொல்லிச் சிரித்தார்கள். இளையவளின் புருஷன் முதல் சம்பளத்தில் அண்ணிக்கு ஒரு செருப்பு வாங்கி வந்து, அது இரண்டும் இடது காலாக இருந்ததைச் சொன்னார்கள். "அதையும் ஒரு வருஷம் போட்டேனேடி" என்றாள் மூத்தவள். "கூட்டத்துல நீ நடந்தா தனியாத் தெரியும்க்கா." மாதவிலக்கு நாளிலும் குத்தவைத்து அறுத்தது, பால் கட்டிக்கொண்டு நெஞ்சு நனைந்தபோதும் மேஸ்திரி எழவிடாதது, சுண்ணாம்பு பட்டு வெடித்த விரல், எல்லாம் வந்தது. அப்போது அழுத விஷயங்களுக்கெல்லாம் இப்போது சிரிப்பு வந்தது. அந்தச் சூளை ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால் அந்த வெயிலில் அவர்களுக்கு இருபது வயசு இருந்தது. இரண்டு புருஷன்மாரும் மண் மிதித்தபடி எதையாவது கத்திப் பாடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் குரலுக்காக இன்னொரு முறை அந்த வெயிலில் உட்காரலாம் என்று மூத்தவளுக்குத் தோன்றியது.

நிழல் நகர்ந்தது. நீண்டது. கழுதைக்காரன் இடத்தில் கால் வைத்தது. வெயில் மஞ்சளாகி, பிறகு காவியானது. நிழல் மேலும் நீண்டு, குழாய் அடுக்கின் மேல் ஏறி மடிந்தது. இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இளையவள் எழுந்து நின்றாள். "என்னக்கா இது, அங்கயே படுத்துருச்சு?"

"வரும், உக்காரு."

"எங்க வரும்? பொழுது சாயுது." அவள் மேற்கே பார்த்தாள், நிழலைப் பார்த்தாள். "சரி, எந்திரி. அங்க போய் உக்காரு. நிழல் நிழல்தான்."

"அது கழுதைக்காரன் இடம். அடுத்தவன் நிழல்ல நான் உக்கார மாட்டேன்."

"அவன் செத்துப் போய் எத்தனை வருஷம் ஆச்சு!"

"செத்தா இடம் உன் பேருக்கு வந்துருமா?"

இளையவள் யோசித்தாள். பிறகு மூத்தவளுக்கும் சூரியனுக்கும் நடுவே போய், கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள். பொழுது தாழ்ந்திருந்ததால் அவளுடைய நிழல் நெடுநெடுவென்று நீண்டு, மூத்தவளை முழுசாக மூடியது. "இந்தா. இத வச்சு நேர் பண்ணிக்க."

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் தெரியவில்லை, ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கசிகிற ஒரு கறுத்த உருவம். கிரகணத்தன்றைக்குப் பார்த்த மாதிரி.  முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "தள்ளுடி அங்கிட்டு. இந்தக் குளிர்ல இருக்குற கொஞ்ச வெயிலையும் மறைக்கிற. பாக்கி இருக்குறது கூண்டு நிழலு. நீ கூண்டா?" என்றாள்.

இளையவள் கையை இறக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு மூத்தவளையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இந்த மாசத்துல நிழல் இங்க வராதுன்னு உனக்குத் தெரியும். காலையிலேயே சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த."

"எனக்கு என்னடி தெரியும். நான் என்ன வானத்துல வேலை பாத்தேனா?"

இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மூக்கை முந்தானையில் துடைத்தாள். மூத்தவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். பிடித்தது வலது மணிக்கட்டு, வலித்தது. மூத்தவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப எப்பக்கா வரணும்?"

"வெயில் ஏறட்டும். என் ஜன்னல் வெளிச்சம் குடத்துக்கு வரட்டும். அப்பதான் நிழலு இந்தப் பக்கம் திரும்பும்."

"அதுவரைக்கும் நீ இருக்கணுமே."

"கடன் குடுத்தவ அவ்வளவு சீக்கிரம் சாக மாட்டா. நீ இரு, அது போதும்."

மறுநாள் காலையில் வேன் வந்தது. இரண்டு பெட்டி, ஒரு கட்டில், அடுப்பு, பாய். ஏற்றி முடிக்க வெகு நேரம் ஆகவில்லை. மகன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மூத்தவளிடம் வந்தான். அவனுக்கும் முன்தலையில் வழுக்கை விழுந்திருந்தது.

"பெரிம்மா, நீங்களும் வந்துருங்களேன். தனியா என்ன பண்ணப் போறீங்க? ரெண்டு ரூம் இருக்கு."

அவன் மனதாரத்தான் கேட்டான். அது அவளுக்குத் தெரியும். கிடங்குக் கணக்குச் சம்பளத்தில் இரண்டு கிழவிகளுக்குச் சோறு போட முடியாது என்பதும் தெரியும்.

"கடன் குடுத்தவ வீடு தேடி வர மாட்டாடா. வாங்குனவதான் வரணும். வெயில் காலத்துல உங்கம்மாவக் கூட்டிட்டு வா. நீ வயித்துல இருந்தப்ப வாங்குனது. உனக்கும் அதுல பங்கு இருக்கு."

இளையவள் வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "போறப்பகூடத் திட்டித்தான் அனுப்புவியா?"

"கடன்காரிய வேற எப்படி அனுப்புவாங்க?"

வேன் திரும்பி முனையில் மறைந்தது. மூத்தவள் உள்ளே வந்தாள். ஒற்றைக் கல் சுவரைப் பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கம் வெறும் அறை. சத்தம் போய் அப்படியே திரும்பி வந்தது. கம்பி நிழல் அலமாரிக் கதவில் கிடந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி, வழக்கமான இடத்தில் சரியாக வைத்தாள்.

இளையவள் மூத்தவளுக்கு வெயில் காலத்து மதியத்தில் ஒரு முறை கூண்டு நிழல் தர வேண்டும். இன்னும் தரவில்லை.